ஓடிபி கேட்காத திருட்டுக்கு என்ன காவல்?

மதிப்புக்குரிய ஆசிரியருக்கு,

வணக்கம். இணையவழிப் பண மோசடிச் செய்தி இல்லாமல் நாளிதழ்களின் மாவட்டப் பக்கம் வெளிவருவது இப்போதெல்லாம் அபூர்வம். 2024-ஆம் ஆண்டில் மட்டும் நாடு முழுவதும் இப்படிப் பறிபோனது ரூ.22,800 கோடிக்கும் மேல் என்று மத்திய உள்துறை நாடாளுமன்றத்தில் தெரிவித்திருக்கிறது. தொகை மாறுகிறது, ஊர் மாறுகிறது. செய்தியின் கடைசி வரி மட்டும் மாறுவதே இல்லை: 'ஓடிபி எண்ணை யாருக்கும் சொல்ல வேண்டாம் எனப் போலீசார் அறிவுறுத்தினர்.'

அறிவுரை சரிதான், ஆனால் போதாது. ஓடிபியைக் கேட்காமலே பணம் எடுக்கவும், நம் பெயரில் கடன் வாங்கவும், சிம் வாங்கவும் வழிகள் இருக்கின்றன. அந்த வழிகளை அடைப்பது எப்படி என்று செய்திகளில் வருவதில்லை. பணம் போனபின் எத்தனை நாளுக்குள் எழுதிக் கொடுத்தால் வங்கி பொறுப்பேற்க வேண்டும் என்பதும் வருவதில்லை. வங்கிக் கவுன்ட்டருக்குப் பின்னால் இருந்து இந்தப் புகார்களைக் கையாண்டவர்கள் நாங்கள் என்பதால் இரண்டையும் எழுதுகிறோம்.

முதலில் கைரேகை. கிராமங்களில் வங்கி முகவர் ஒரு சின்னக் கருவியோடு வருவார். ஆதார் எண், வங்கியின் பெயர், விரல் ரேகை ஆகிய மூன்றும் இருந்தால் போதும், ஒரு முறைக்குப் பத்தாயிரம் ரூபாய் வரை கையில் கிடைத்துவிடும். ஏடிஎம் கார்டோ பின் நம்பரோ ஓடிபியோ வேண்டாம். முதியோர் உதவித்தொகைக்கும் நூறு நாள் வேலைக் கூலிக்கும் இது பெரிய வசதி, மறுப்பதற்கில்லை. ஆனால் அந்த மூன்றில் எதுவுமே ரகசியம் இல்லை. ஆதார் எண் ஊரெங்கும் ஜெராக்ஸாகக் கிடக்கிறது. வங்கிகளைப் பெயர் பெயராகப் போட்டுப் பார்த்துவிடலாம். விரல் ரேகையோ கிரயப் பத்திரத்தில் மையோடு பதிந்து கிடக்கிறது. தெலங்கானாவில் 2018-இல் பிடிபட்ட ஒரு சிம் விற்பனையாளர், பதிவு அலுவலகத்தின் இணையதளத்தில் இருந்த நில ஆவணங்களிலிருந்து ரேகைகளை எடுத்து ரப்பரில் வார்த்திருந்தார். அவர் அதைச் சிம் கார்டுகளை இயக்கத்தான் பயன்படுத்தினார். பின்னால் வந்தவர்கள் அதே வித்தையை வைத்துப் பணம் எடுத்தார்கள். இதைத் தடுக்க ஆதார் ஆணையம் 2023-இல், வைக்கப்படுவது உயிருள்ள விரலா என்று சோதிக்கும் முறையைக் கொண்டுவந்தது. அது நல்ல தடுப்பு என்றாலும் பூட்டு நம் கையில் இருப்பதுதான் மேல்.

அதைவிட எளிய திருட்டும் ஒன்று உண்டு, அதற்கு ரப்பரும் தேவையில்லை. 'ரேகை சரியா விழல பாட்டி, இன்னொரு தடவை வைங்க' என்பார் முகவர். முதல் தடவையே இரண்டாயிரம் கழிந்திருக்கும், இரண்டாவது தடவை இன்னொரு இரண்டாயிரம் போகும். பாட்டி கையில் வருவதோ ஒரு இரண்டாயிரம்தான். இதற்கு ஒரே மருந்து ரசீது. ஒவ்வொரு முறை விரல் வைத்ததற்கும், அது தோல்வி என்று சொன்னாலும்கூட, கருவியிலிருந்து சீட்டு வாங்க வேண்டும். சீட்டு வராத இடத்தில் இரண்டாவது முறை விரல் வைக்கக் கூடாது. மாதம் ஒரு தடவை பாஸ்புக் பதிந்து, 'ஏஇபிஎஸ்' (ஆதார் வழிப் பணப் பரிவர்த்தனையின் ஆங்கிலச் சுருக்கம்) என்ற எழுத்துகள் எத்தனை வரிகளில் வருகின்றன என்று எண்ணிப் பார்த்தால் கதை வெளியே வந்துவிடும்.

கைரேகைப் பணம் எடுப்பு தேவைப்படாதவர்கள், அதாவது ஏடிஎம் கார்டு வைத்திருக்கும் நகரவாசிகளில் பெரும்பாலோர், பயோமெட்ரிக்கை இன்றே பூட்டிவிடலாம். 'மைஆதார்' இணையதளத்தில் ஆதார் எண்ணும் ஓடிபியும் கொடுத்து உள்ளே போனால் 'லாக் / அன்லாக் பயோமெட்ரிக்ஸ்' என்று இருக்கும். ஆதார் ஆணையத்தின் கைப்பேசிச் செயலியிலும் உண்டு. பூட்டினால் விரல், கருவிழி, முகம் மூன்றும் பூட்டப்படும். ஓடிபி வழியாக நடக்கும் ஆதார் சரிபார்ப்பு வழக்கம்போல நடக்கும்.

இதில் இடறும் இடம் ரேஷன் கடை. பூட்டிய விரலைக் கருவியில் வைத்தால் ஏற்காது. 'ஆதார்ல ஏதோ கோளாறு, சென்டருக்குப் போங்க' என்று அனுப்பிவிடுவார்கள், சென்டரில் அரை நாள் போகும். கோளாறு எதுவும் இல்லை, தற்காலிகமாகத் திறந்தால் பத்து நிமிடம் திறந்திருக்கும். அதை வீட்டிலேயே திறந்துவிட்டுக் கடைக்குப் போனால் வரிசையில் நிற்பதற்குள் மறுபடி பூட்டிக்கொள்ளும். நமக்கு முன்னால் ஓரிருவர் இருக்கும்போது திறப்பது சரி. இன்னும் சுலபமான வழியும் இருக்கிறது. குடும்ப அட்டையில் பெயர் உள்ள யாராவது ஒருவர் விரல் வைத்தால் போதும் என்பதால், கடைக்குப் போகும் ஒருவருடையதை மட்டும் விட்டுவிட்டு மற்ற எல்லோருடையதையும் பூட்டிவிடலாம். புதுச் சிம் வாங்கும்போதும், ஓய்வூதியர்கள் உயிர்வாழ் சான்றுக்கு விரலோ முகமோ காட்டும்போதும் இதே பத்து நிமிடத் திறப்பு போதும்.

இதற்கெல்லாம் ஆதாரில் இணைத்த கைப்பேசி எண் நம்முடையதாக இருக்க வேண்டும். பெரியவர்கள் பலரின் ஆதாரில் என்றோ பதிவு செய்த முகவரின் எண்ணோ, வெளிநாட்டுக்குப் போன பிள்ளையின் பழைய எண்ணோ இருக்கிறது. முதல் வேலை அதைச் சரிபார்ப்பது. அதே இணையதளத்தில் கடந்த ஆறு மாதங்களில் நம் ஆதார் எங்கெங்கே சரிபார்க்கப்பட்டது என்ற பட்டியலும் கிடைக்கும். தோல்வியடைந்த முயற்சிகளும் அதில் வரும். நள்ளிரவில் விரல் ரேகை முயற்சி ஒன்று அதில் தெரிந்தால் மேலே யோசிக்க எதுவும் இல்லை, உடனே பூட்ட வேண்டும்.

பூட்ட முடியாதவர்களும் இருக்கிறார்கள். விரல் வைத்துத்தான் உதவித்தொகை வாங்கும் மூதாட்டியிடம் செயலியைத் திறக்கச் சொல்வது நடக்கிற காரியம் இல்லை. அவர்களுக்கு நாங்கள் சொல்வது, அரசுப் பணம் வரும் கணக்கில் சேமிப்பை வைக்க வேண்டாம் என்பதுதான். நகை விற்ற பணம், மகன் அனுப்பிய பணம் எல்லாம் டெபாசிட்டாகவோ வேறு கணக்கிலோ இருக்கட்டும்.

அடுத்தது ஜெராக்ஸ். 2022 மே 27 அன்று ஆதார் ஆணையத்தின் பெங்களூரு அலுவலகம், ஆதார் நகலை யாருக்கும் கொடுக்காதீர்கள் என்று ஓர் அறிக்கை விட்டது. இரண்டே நாளில், தவறாகப் புரிந்துகொள்ள இடமிருக்கிறது என்று சொல்லி அதைத் திரும்பப் பெற்றார்கள். அறிக்கை போனாலும் அதில் சொன்ன வழி இன்றும் செல்லும். முதல் எட்டு இலக்கங்கள் மறைக்கப்பட்டு, கடைசி நான்கு மட்டும் தெரியும் 'மாஸ்க்டு' ஆதாரை அதே இணையதளத்திலிருந்து இறக்கிக்கொள்ளலாம். லாட்ஜ், கூரியர், வாடகை வீடு என்று ஆளைக் காட்டினால் போதும் என்கிற இடங்களுக்கு இதுவே போதும். இறக்கும் பிடிஎஃப் கோப்புக்கு பாஸ்வேர்டு இருக்கிறதே என்று நிம்மதி அடைய வேண்டாம். ஆங்கிலப் பெயரின் முதல் நான்கு எழுத்தும் பிறந்த வருடமும் சேர்ந்ததுதான் அது. நம்மைத் தெரிந்த எவருக்கும் அதுவும் தெரியும்.

முழு எண்ணோடு நகல் கொடுத்தே ஆகவேண்டிய இடத்தில் கையெழுத்தோடு காரணத்தையும் தேதியையும் எழுத வேண்டும்: 'நகைக்கடன் விண்ணப்பத்துக்கு மட்டும்' என்பதுபோல. ஓரத்தில் எழுதினால் வெட்டிவிட்டு மறு ஜெராக்ஸ் எடுத்துவிடுவார்கள். புகைப்படத்தின் ஓரத்தைத் தொட்டுக்கொண்டு, அச்செழுத்துகளின் மேலேயே குறுக்காக எழுத வேண்டும். ஆனால் எண்ணும் முகமும் படிக்கத் தெரிய வேண்டும், இல்லாவிட்டால் திருப்பிக் கொடுத்துவிடுவார்கள். அதோடு, பிரிண்ட் எடுக்க ஜெராக்ஸ் கடையின் வாட்ஸ்அப்புக்கு ஆதாரையும் பான் கார்டையும் அனுப்புகிறோம். பிரிண்ட் வந்ததும் காசு கொடுத்துவிட்டு வந்துவிடுகிறோம். கடை கம்ப்யூட்டரின் 'டவுன்லோட்ஸ்' பெட்டியில் அன்றைக்கு வந்த எல்லோருடைய அட்டைகளும் வரிசையாகக் கிடக்கும். கடைக்காரர் நல்லவராகவே இருக்கட்டும், அடுத்து அந்த நாற்காலியில் உட்காருபவர் யார்? நம் போனில் 'எல்லோருக்கும் நீக்கு' என்று அழுத்தினாலும் கடை கம்ப்யூட்டரில் இறக்கிய கோப்பு போகாது. அழிக்கச் சொல்லி, 'ரீசைக்கிள் பின்' வரை பார்த்துவிட்டு வருவதில் கூச்சப்பட ஒன்றும் இல்லை.

இப்படிச் சிதறிய பான், ஆதார், ஒரு புகைப்படம் மூன்றும் சேர்ந்தால் நம் பெயரில் கடன் எழுகிறது. பணம் வேறொருவர் கணக்குக்குப் போகும், தவணை கேட்டு நம்மைக் கூப்பிடுவார்கள். இதை முன்கூட்டியே கண்டுபிடிக்க ஒரே வழி கடன் அறிக்கை, அதாவது நம் பெயரில் உள்ள கடன்களின் பதிவு. அதைத் தரும் நிறுவனம் சிபில் மட்டும்தான் என்று பலர் நினைக்கிறார்கள். எக்ஸ்பீரியன், ஈக்விஃபேக்ஸ், கிரிஃப் ஹைமார்க் ஆகிய மூன்றும் உண்டு. நான்கு நிறுவனங்களும் ஆளுக்கு வருடத்துக்கு ஒரு முழு அறிக்கையை இலவசமாகத் தர வேண்டும் என்பது ரிசர்வ் வங்கி விதி. நான்கையும் ஒரே நாளில் வாங்காமல் மூன்று மாதத்துக்கு ஒன்றாக வாங்கினால் வருடம் முழுவதும் கண்காணிப்பு இருக்கும், செலவும் இல்லை. அவர்களின் இணையதளம் சந்தா கட்டச் சொல்லித் திரும்பத் திரும்பத் தூண்டும். இலவச அறிக்கைக்கான இணைப்பு அதே பக்கத்தில் எங்காவது சின்னதாக இருக்கும்.

அறிக்கை வந்தால் எல்லோரும் மதிப்பெண்ணைப் பார்த்துவிட்டு மூடிவிடுகிறார்கள். பார்க்க வேண்டியது மதிப்பெண்ணை அல்ல. நாம் வாங்காத கடன் கணக்கு இருக்கிறதா என்று முதலில் பார்க்க வேண்டும். பிறகு 'என்கொயரி' பகுதி. நாம் விண்ணப்பிக்காத நிறுவனம் நம் விவரத்தைக் கேட்டிருந்தால், எவனோ நம் பெயரில் கடனுக்கு முயன்றிருக்கிறான் என்று பொருள். கடைசியாக முகவரி, போன் எண் பட்டியல். நமக்குத் தெரியாத ஊர் முகவரியோ எண்ணோ அதில் புகுந்திருந்தால் அதுவே முதல் தடயம்.

பொய்க்கடன் தெரிந்தால் கடன் கொடுத்த நிறுவனத்துக்கும் அறிக்கை தந்த நிறுவனத்துக்கும் ஒரே நாளில் எழுத வேண்டும். 'இந்தக் கடன் என்னுடையது அல்ல' என்று மட்டும் எழுதினால் பொதுவான பதில்தான் வரும். விண்ணப்பத்தின் நகல், அதில் வைத்த புகைப்படம், பயன்படுத்திய கைப்பேசி எண், எல்லாவற்றுக்கும் மேலாகக் கடன் தொகை வரவு வைக்கப்பட்ட வங்கிக் கணக்கு எண் ஆகியவற்றைக் கேட்டு எழுத வேண்டும். பணம் நம் கணக்குக்கு வரவில்லை என்பதைவிட வலுவான சான்று வேறில்லை. 30 நாட்களுக்குள் தீர்க்காவிட்டால் அதன்பின் ஒவ்வொரு நாளுக்கும் ரூ.100 இழப்பீடு என்று 2023 அக்டோபரில் ரிசர்வ் வங்கி விதித்திருக்கிறது. கடிதத்தில் இதையும் ஒரு வரி எழுதினால் கோப்பு நகரும். வசூல் ஆட்களின் தொல்லை தாங்காமல் 'ஒரு தவணை கட்டித் தொலைப்போம்' என்று கட்டிவிடுகிறவர்கள் உண்டு. அப்படிக் கட்டினால், கடனை ஒப்புக்கொண்டு கட்டியதாகவே அவர்கள் பேசுவார்கள்.

கூலித் தொழிலாளிக்குக் கோடிக்கணக்கில் ஜிஎஸ்டி பாக்கி என்று நோட்டீஸ் வரும் செய்திகளும் இதே இனம்தான்: அவருடைய பான் எண்ணில் வேறு எவனோ ஜிஎஸ்டி பதிவு வாங்கியிருப்பான். ஜிஎஸ்டி இணையதளத்தில் உள்ளே நுழையாமலே 'சர்ச் பை பான்' என்ற இடத்தில் நம் பான் எண்ணைப் போட்டால், அதன்மேல் எந்த மாநிலத்தில் எத்தனை பதிவுகள் இருக்கின்றன என்று காட்டிவிடும். இரண்டு நிமிட வேலை, இப்படி ஒன்று இருப்பதே பலருக்குத் தெரியாது.

சிம் விஷயத்துக்கு வருவோம். மத்தியத் தொலைத்தொடர்புத் துறையின் 'சஞ்சார் சாத்தி' தளத்தில் நம் கைப்பேசி எண்ணைக் கொடுத்தால் நம் பெயரில் எத்தனை இணைப்புகள் ஓடுகின்றன என்று வரும். நம்முடையது அல்லாததைக் குறித்து 'நாட் மை நம்பர்' என்று அனுப்பலாம். நம் பெயரில் வாங்கிய சிம்மால் ஒரு மோசடி நடந்தால் போலீஸ் முதலில் வந்து நிற்பது நம் வீட்டு வாசலில். அதேபோல, பழைய எண்ணை ரீசார்ஜ் செய்யாமல் விடுகிறவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். துண்டிக்கப்பட்ட எண் 90 நாட்களுக்குப் பிறகு வேறொருவருக்குப் போகலாம். வங்கி, ஆதார், மின்னஞ்சல், வாட்ஸ்அப் எல்லாவற்றிலிருந்தும் அதை எடுத்த பிறகுதான் விட வேண்டும். போனில் திடீரென்று சிக்னல் போய், பக்கத்தில் இருப்பவரின் அதே நிறுவன சிம் வேலை செய்கிறது என்றால், நம் எண்ணுக்கு எங்கோ மாற்றுச் சிம் வாங்கிவிட்டார்கள் என்று சந்தேகிக்க வேண்டும். மாற்றுச் சிம்முக்கு முதல் 24 மணி நேரம் எஸ்எம்எஸ் வராது என்று ஒரு தடை வைத்திருக்கிறார்கள். நமக்குக் கிடைக்கும் அவகாசமும் அந்த ஒரு நாள்தான்.

ஏபிகே கோப்பு இப்போது எல்லாவற்றையும்விட வேகமாகப் பரவுகிறது. போக்குவரத்து அபராதம், மின்கட்டணப் பாக்கி, கல்யாணப் பத்திரிகை என்று ஏதோ ஒரு பெயரில், தெரிந்தவரின் வாட்ஸ்அப்பிலிருந்தே வரும், ஏனென்றால் அவருடையது ஏற்கெனவே களவாடப்பட்டிருக்கும். பெயரின் கடைசியில் 'ஏபிகே' என்று இருந்தால் அது படமோ பத்திரிகையோ அல்ல, செயலி. நிறுவியதும் எஸ்எம்எஸ் படிக்க அனுமதி கேட்கும், கொடுத்தால் ஓடிபியை அதுவே எடுத்துக்கொள்ளும், நாம் யாருக்கும் சொல்ல வேண்டியதில்லை. பிறகு அதன் சின்னமே திரையிலிருந்து மறைந்துவிடும். தெரியாமல் நிறுவிவிட்டால், முதலில் விமானப் பயன்முறையைப் போட்டு வைஃபையும் அணைந்திருக்கிறதா என்று பார்த்துவிட்டு, சிம்மைக் கழற்ற வேண்டும். அந்தப் போனிலிருந்து வங்கிக்குப் பேசக் கூடாது. வேறு போனில் இருந்து கூப்பிட்டுக் கணக்கையும் யுபிஐயையும் நிறுத்தச் சொல்ல வேண்டும். செயலியை நீக்க முயன்று நீங்கவில்லை என்றால், அமைப்புகளில் 'அக்சஸிபிலிட்டி'யிலும் 'டிவைஸ் அட்மின்' பட்டியலிலும் அது உட்கார்ந்திருக்கும், அங்கே அனுமதியை எடுத்த பிறகே நீங்கும். படங்களை மட்டும் வேறிடத்தில் சேமித்துக்கொண்டு போனையே 'ஃபேக்டரி ரீசெட்' செய்வதுதான் உறுதியான வழி. வங்கிச் செயலிகளின் பாஸ்வேர்டுகளை அதன்பிறகு மாற்றுங்கள். முன்பே மாற்றினால் புதியதும் அவன் கைக்குப் போகும்.

கார்டு விஷயம் சுருக்கமானது. வெளிநாட்டு இணையதளங்கள் பலவற்றில் கார்டு எண், காலாவதித் தேதி, பின்னால் உள்ள மூன்று இலக்கம் இவை இருந்தால் போதும், ஓடிபி இல்லாமலே பணம் போகும். வங்கிச் செயலியில் 'இன்டர்நேஷனல்' பயன்பாட்டை அணைத்து வையுங்கள். தட்டிச் செலுத்தும் வசதியில் ரூ.5,000 வரை பின் கேட்காது, வேண்டாதவர்கள் அதையும் அணைக்கலாம். யுபிஐயில் பணம் வாங்குவதற்கு பின் நம்பர் தேவையே இல்லை, கேட்டால் அது திருட்டு. தனிநபர் இன்னொருவரிடம் 'பணம் அனுப்பு' என்று கோரிக்கை அனுப்பும் வசதியையே 2025 அக்டோபர் 1 முதல் நிறுத்திவிட்டார்கள். வங்கிகளின் உண்மையான இணையதள முகவரி இப்போது 'டாட் பேங்க் டாட் இன்' என்று முடியும், வேறு எப்படி முடிந்தாலும் தொடாதீர்கள். வீடியோ காலிலேயே ஆளைக் கைது செய்வதாக மிரட்டும் 'டிஜிட்டல் கைது' என்று ஒன்று இந்தியச் சட்டத்தில் கிடையாது. வீடியோ காலில் காக்கிச்சட்டை தெரிந்தால் வைத்துவிட வேண்டியதுதான்.

இத்தனைக்குப் பிறகும் பணம் போகலாம். போனபின் நடக்க வேண்டியதில்தான் நம் மக்கள் அதிகம் கோட்டைவிடுகிறார்கள்.

உடனே 1930 என்ற சைபர் குற்ற உதவி எண்ணை அழைக்க வேண்டும். அழைக்கும் முன் நான்கு விவரங்களைத் தாளில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள்: வங்கிக் கணக்கு எண், தொகை, நேரம், பரிவர்த்தனை எண். யுபிஐ என்றால் பரிவர்த்தனை எண் 12 இலக்கம், செயலியில் அந்தப் பரிவர்த்தனையைத் தொட்டால் தெரியும். இந்த எண் இல்லாமல் பேசினால் அவர்களால் பணத்தின் தடத்தைப் பிடிக்க முடியாது. எண் கிடைத்ததும் தகவல் நம் வங்கிக்கும் பணம் போய்ச் சேர்ந்த வங்கிக்கும் போகும். அங்கே பணம் இன்னும் இருந்தால் நிறுத்தி வைப்பார்கள், அடுத்த கணக்குக்குப் போயிருந்தால் தகவலும் அங்கே போகும். மோசடிக்காரன் சில நிமிடங்களில் பணத்தைப் பல கணக்குகளுக்குப் பிரித்துவிடுவதால்தான் இந்த அவசரம். பேசி முடித்ததும் எஸ்எம்எஸ்ஸில் ஒப்புகை எண் வரும். அதோடு வேலை முடிந்தது என்று விட்டுவிடக் கூடாது. 24 மணி நேரத்துக்குள் தேசிய சைபர் குற்றத் தளத்தில் முழுப் புகாரையும் பதிய வேண்டும்.

போலீசுக்குச் சொல்லிவிட்டோம் என்று வங்கிக்குச் சொல்லாமல் விடுவது பெரிய தவறு. கார்டை 'பிளாக்' செய்தாலும் புகார் கொடுத்ததாக ஆகாது. இன்ன தேதியில், இன்ன எண்ணுள்ள பரிவர்த்தனையை நான் செய்யவில்லை என்று எழுத்தில் போக வேண்டும். மின்னஞ்சல் அனுப்பினாலும், கிளைக்குப் போய்க் கடிதம் கொடுத்து, நகலில் தேதியோடு சீல் வாங்கிவிடுங்கள். சீல் போடத் தயங்கினால் பதிவுத் தபால் இருக்கிறது. இவ்வளவு கறாராகச் சொல்லக் காரணம் அந்தத் தேதிதான்.

ரிசர்வ் வங்கி 2017 ஜூலை 6 அன்று வெளியிட்ட சுற்றறிக்கையின் சாரம் இது. தவறு வங்கியுடையது என்றால் வாடிக்கையாளர் எப்போது சொன்னாலும் அவருக்கு இழப்பு இல்லை. தவறு வங்கியிடமும் இல்லை, வாடிக்கையாளரிடமும் இல்லை, வேறெங்கோ என்றால், வங்கியின் தகவல் வந்ததிலிருந்து மூன்று வேலை நாட்களுக்குள் சொன்னால் அப்போதும் இழப்பு இல்லை. நான்கு முதல் ஏழு வேலை நாட்களுக்குள் சொன்னால், சாதாரண சேமிப்புக் கணக்குக்கு அதிகபட்சம் ரூ.10,000, குறைந்தபட்ச இருப்பு கேட்காத அடிப்படை சேமிப்புக் கணக்குக்கு ரூ.5,000 வரை நம் தலையில் விழும். ஏழு நாள் தாண்டினால் அந்தந்த வங்கியின் கொள்கைதான். தகவல் வந்த நாள் கணக்கில் சேராது, நம் கிளையின் விடுமுறை நாட்களும் சேராது. இரண்டாம் சனிக்கு முந்தைய வெள்ளிக்கிழமை எஸ்எம்எஸ் வந்தால் திங்கள், செவ்வாய், புதன் என்று எண்ண வேண்டும். புதன்கிழமைக்குள் சீல் விழுந்திருக்க வேண்டும்.

நாம் சொன்ன நாளிலிருந்து பத்து வேலை நாட்களுக்குள் வங்கி அந்தத் தொகையைத் தற்காலிகமாக வரவு வைக்க வேண்டும், 90 நாட்களுக்குள் புகாரைத் தீர்க்க வேண்டும். 'நீங்கதான் ஓடிபி சொல்லியிருப்பீங்க' என்று கவுன்ட்டரில் சொல்வது பதில் ஆகாது. வாடிக்கையாளர்தான் தவறு செய்தார் என்று நிரூபிக்கும் பொறுப்பு வங்கியுடையது என்று அதே சுற்றறிக்கை சொல்கிறது. 'எஃப்ஐஆர் கொண்டு வாங்க, அப்புறம் பார்க்கலாம்' என்பதையும் ஏற்க வேண்டியதில்லை. கடிதத்தை வாங்கிக்கொள்ள எஃப்ஐஆர் நிபந்தனை அல்ல. 30 நாட்களில் பதில் வராவிட்டாலும், வந்த பதில் சரியில்லை என்றாலும் ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளரிடம் இணையத்தில் புகார் செய்யலாம். இணையம் வராதவர்கள் சண்டிகரில் செக்டர் 17-இல் உள்ள ரிசர்வ் வங்கிப் புகார் மையத்துக்குத் தபாலிலும் அனுப்பலாம். கட்டணமும் இல்லை, வக்கீலும் வேண்டாம்.

இந்தச் சுற்றறிக்கையிடம் அதிகம் எதிர்பார்க்கக் கூடாத இடத்தையும் சொல்லிவிட வேண்டும். நாமே ஓடிபி சொல்லியிருந்தாலோ பின் போட்டிருந்தாலோ, வங்கிக்குத் தெரிவிக்கும் வரை போன பணம் நம் இழப்புதான். தெரிவித்தபின் போவது வங்கியின் பொறுப்பு. அவமானம் பார்த்து ஒரு நாள் தள்ளிப்போடுகிறவர்கள் இதைத்தான் இழக்கிறார்கள். முதல் தொகையை விடுங்கள், அன்றிரவே போகும் இரண்டாவது தொகையையாவது காப்பாற்றலாம். ஏமாந்து நாமே அனுப்பிய பணம், 1930 மூலம் எங்காவது நிறுத்தி வைக்கப்பட்டிருந்தால், பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதா என்ற குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 503-ஆம் பிரிவின்கீழ் குற்றவியல் நடுவர் மன்றத்தில் மனுப் போட்டுத் திரும்பப் பெறலாம். 'பணத்தை மீட்டுத் தருகிறோம், முன்பணம் கட்டுங்கள்' என்று அப்போது போனில் வருகிறவன் அடுத்த திருடன்.

கல்லூரிப் பிள்ளைகளின் பெற்றோருக்கு ஒன்று. பாஸ்புக், ஏடிஎம் கார்டு, சிம் மூன்றையும் சேர்த்துக் கொடுத்தால் சில ஆயிரம் தருவதாகச் சொல்லி மாணவர்களின் கணக்கை வாடகைக்கு எடுக்கும் கும்பல் ஊர் ஊராக இருக்கிறது. கொள்ளைப் பணம் முதலில் வந்து இறங்குவது அந்தக் கணக்குகளில்தான், எனவே முதல் கைதும் அந்தப் பையன்தான். 'எனக்கு ஒன்றும் தெரியாது' என்று அவன் காவல் நிலையத்தில் சொல்லலாம். ஆனால் கணக்கு திறந்த படிவத்தில் இருக்கும் கையெழுத்து அவனுடையது.

வங்கிகளிடமும் தங்களிடமும் ஒவ்வொரு கோரிக்கை உண்டு. பணம் கழிந்த எஸ்எம்எஸ்ஸுக்கு அப்படியே பதில் அனுப்பி 'இது நான் செய்யவில்லை' என்று சொல்லும் வசதி வேண்டும் என்று அதே 2017 சுற்றறிக்கை சொல்லியிருக்கிறது. பல எஸ்எம்எஸ்களில் இன்றும் ஒரு தொலைபேசி எண்தான் இருக்கிறது, கூப்பிட்டால் 'ஒன்றை அழுத்தவும், இரண்டை அழுத்தவும்' என்று இழுக்கிறது. ஒவ்வொரு கிளையும் இந்த வசதியை உடனே தர வேண்டும், மூன்று வேலை நாள் விதியையும் தமிழில் அச்சிட்டு வட்டி விகிதப் பலகைக்குப் பக்கத்தில் தொங்கவிட வேண்டும். தங்கள் நாளிதழ் மோசடிச் செய்தி வெளியிடும்போதெல்லாம் அதன் அடியில் நான்கு வரிகளுக்கு இடம் ஒதுக்கினால் போதும்: 1930, பரிவர்த்தனை எண், வங்கிக்கு எழுத்துப்பூர்வப் புகார், மூன்று வேலை நாள்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற வங்கி ஊழியர்கள் சிலர்,
கும்பகோணம்.